தபால் வாக்கு, வாக்காளர் பதிவு விதிகளை மாற்றினால் ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தொகையைக் கேட்கும் கேள்வி. அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் சட்டமன்றத்தில் தபால் வாக்குக்கும் வாக்காளர் பதிவுக்குமான விதிகளை மாற்றும் மசோதா ஒன்று வந்திருக்கிறது. அதனுடன் இணைக்கப்பட்ட நிதிக் குறிப்பு, அதாவது மசோதாவின் செலவை மதிப்பிடும் ஆவணம், மாநிலத்துக்குக் குறிப்பிடத்தக்க செலவு ஏதுமில்லை என்கிறது. உங்கள் கவுன்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) தேர்தல் அதிகாரியோ பல லட்சம் டாலர் ஆகும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட முரண்பாடுகளில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. இருவரும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆகவே, விதி மாறும்போது செலவு எங்கே பிறக்கிறது, அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஒரு கவுன்டி நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் தேர்தல் அலுவலகத்தின் கணக்குகளைப் பார்த்தவன் நான். வழக்கறிஞன் அல்லன், ஒரு விதி நல்லதா, அரசமைப்புக்கு உட்பட்டதா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

பணம் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. விதியை எழுதுவது மாநிலச் சட்டமன்றம். தேர்தலை நடத்துவது பெரும்பாலும் கவுன்டி, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் நகரமும் ஊராட்சியும். கூட்டாட்சி அரசின் பணம் அவ்வப்போது மொத்தமாக வந்து நின்றுவிடும் தன்மையுடையது. 2002-ஆம் ஆண்டின் வாக்களிப்பு உதவிச் சட்டத்தின்கீழ் மாநிலங்களுக்கு 2018-இல் 38 கோடி டாலரும், 2020-இல் 42.5 கோடி டாலரும், அதே ஆண்டு மார்ச் மாதத்தின் பெருந்தொற்று நிவாரணச் சட்டத்தின்வழி மேலும் 40 கோடி டாலரும் வந்தன. 2022, 2023-இல் அது ஆண்டுக்கு 7.5 கோடியாகச் சுருங்கி, 2024-இல் 5.5 கோடியானது. இப்படி ஏறி இறங்கும் பணத்தை வைத்து எந்தக் கவுன்டியும் நிரந்தர ஊழியரை நியமிக்க முடியாது. இயந்திரம் வாங்கலாம், மென்பொருள் பாதுகாப்பைப் பலப்படுத்தலாம், அவ்வளவுதான். அன்றாடக் கூலியும் அஞ்சல் கட்டணமும் அச்சுச் செலவும் உள்ளூர் சொத்து வரியிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. நிதிக் குறிப்பு எழுதுபவரின் கடமையோ மாநிலக் கருவூலத்தைப் பற்றியது. உள்ளூர் அமைப்புகளின் செலவு என்ற இடத்தில், கணிக்க இயலாதது என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் நகர்ந்தால் அதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை.

இனி செலவின் தன்மையைச் சொல்கிறேன். ஒரு தபால் வாக்குக்குப் பின்னால் விண்ணப்பத்தைப் பதிவது, அந்த முகவரிக்குரிய சரியான வாக்குச்சீட்டைத் தேர்ந்தெடுப்பது, உள்ளுறை, வெளியுறை, அறிவுறுத்தல் தாள் ஆகியவற்றை அச்சிட்டு அடுக்குவது, அனுப்பும் அஞ்சல் கட்டணம், திரும்பி வந்ததும் கையொப்பத்தை ஒப்பிடுவது, குறையிருந்தால் வாக்காளருக்குத் தகவல் அனுப்புவது, உறையைத் திறந்து மடிப்பை நீவி ஸ்கேனரில் செலுத்துவது என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. இந்தச் சங்கிலியின் செலவு வாக்குகளின் எண்ணிக்கையோடு ஏறும். வாக்குச்சாவடியின் செலவு அப்படியல்ல. 900 பேர் வந்தாலும் 90 பேர் வந்தாலும் அதே கட்டடம், அதே பணியாளர்கள், அதே இயந்திரங்கள், அவற்றை ஏற்றி இறக்கும் அதே வண்டி. வாக்காளர்களில் பாதிப்பேர் தபாலுக்கு மாறிவிட்டால் சாவடியின் செலவும் பாதியாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பழைய முறையை மூடாமல் புதிய முறையைத் தொடங்குவது, வீடு மாறியவர் பழைய வீட்டையும் காலி செய்யாமல் இரண்டுக்கும் வாடகை கட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது. என் அனுபவத்தில், ஒரு மசோதாவின் செலவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதித்தால், இதைச் செய்யத் தொடங்கும்போது எதைச் செய்வதை நிறுத்தப் போகிறோம் என்றுதான் கேட்பேன்.

கொலராடோவைப் பாருங்கள். அம்மாநிலம் 2013-இல் பதிவு செய்த வாக்காளர் அனைவருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பும் சட்டத்தை இயற்றியது; அதே சட்டத்தில் பகுதிவாரியான சாவடிகளை ஒழித்து, கவுன்டியின் எந்த வாக்காளரும் செல்லக்கூடிய சில சேவை மையங்களை மட்டும் வைத்தது; தேர்தல் நாளன்றே பதிவு செய்துகொள்ளவும் அனுமதித்தது. பியூ அறக்கட்டளை என்ற ஆய்வு அமைப்பு அங்குள்ள 64 கவுன்டிகளில் 46-இன் கணக்குகளை ஆராய்ந்து, ஒரு வாக்குக்கான சராசரிச் செலவு 2008-இல் 15.96 டாலராக இருந்து 2014-இல் 9.56 டாலராகக் குறைந்தது என்று கண்டது. ஏறக்குறைய 40 சதவீதம் மிச்சம். தபால் வாக்கை ஆதரிப்போர் எல்லாரும் மேற்கோள் காட்டும் கணக்கு இது, காட்டுவதிலும் தவறில்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடப்பட்ட ஆண்டுகளில் ஒன்று குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு, மற்றது குடியரசுத் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு இல்லாத இடைக்காலத் தேர்தல் ஆண்டு. ஆகவே 40 என்ற எண்ணை அப்படியே வேறு மாநிலத்துக்குத் தூக்கிச் செல்லக்கூடாது. அதைவிட முக்கியமானது, சட்டம் வருவதற்கு முன்பே கொலராடோ வாக்காளர்களில் பெரும்பான்மையோர் தாமாகவே தபாலுக்கு மாறியிருந்தார்கள் என்பது. அதாவது அம்மாநிலம் பல ஆண்டுகளாக இரண்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. 2013-இல் ஒன்றை நிறுத்தியது.

பென்சில்வேனியா எடுத்த வழி வேறு. அங்கே 2019-ஆம் ஆண்டின் 77-ஆம் சட்டம், காரணம் எதுவும் சொல்லாமலே தபாலில் வாக்களிக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தது. 9,000-க்கும் மேற்பட்ட சாவடிப் பகுதிகள் அப்படியே நின்றன. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வர, நவம்பர் 2020-இல் சுமார் 26 லட்சம் தபால் வாக்குகள் 67 கவுன்டிகளின்மேல் வந்து குவிந்தன. உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் திறக்கக்கூடாது என்பது விதி. வேலையை இரண்டு வாரங்களுக்குப் பரப்பிச் செய்ய அனுமதித்திருந்தால் பத்துப் பேரும் ஓர் இயந்திரமும் போதுமாயிருந்த இடத்தில், அதே வேலையை ஓரிரு நாளில் முடிப்பதற்காகப் பல மடங்கு ஆட்களையும் அதிவேக இயந்திரங்களையும் பெரிய கூடங்களையும் கவுன்டிகள் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்க் சக்கர்பெர்க் தம்பதியின் நன்கொடையில் ஒரு தொண்டு அமைப்பு நாடெங்கும் உள்ள உள்ளூர் தேர்தல் அலுவலகங்களுக்குச் சுமார் 35 கோடி டாலர் வழங்கியதும், பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அத்தகைய தனியார் பணத்தைத் தடை செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பென்சில்வேனியா 2022-இல் அப்படித் தடை செய்தபோது, கவுன்டிகளுக்கு மாநிலமே 4.5 கோடி டாலர் மானியம் தந்தது. பணத்தை ஏற்கும் கவுன்டி எண்ணத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் எண்ணி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். உறையை முன்கூட்டியே திறக்க அனுமதிக்கும் மாற்றமோ வரவில்லை. ஒரு காசு செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய திருத்தத்தைச் செய்யாமல் மானியத்தால் ஈடுகட்டுவதை வரவு செலவு பார்ப்பவன் என்ற முறையில் என்னால் பாராட்ட முடியவில்லை.

விதியைத் தளர்த்தினால்தான் செலவு, இறுக்கினால் மிச்சம் என்றும் ஓர் எண்ணம் உண்டு. அதுவும் சரியல்ல. டெக்சஸ் 2021-இல் கொண்டுவந்த சட்டப்படி, தபாலில் வாக்களிப்பவர் தம் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ உறையில் எழுத வேண்டும். அது பதிவேட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். எழுத வேண்டிய இடம் உறையின் மடிப்புக்குக் கீழே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எந்த எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தோம் என்பது முதிய வாக்காளர் பலருக்கு நினைவில் இல்லை. கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் 2022 முதல்நிலைத் தேர்தலில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் வாக்குகள், அதாவது வந்தவற்றில் சுமார் 12 சதவீதம், நிராகரிக்கப்பட்டன. கவுன்டிகள் உறைக்குள் வண்ண அறிவிப்புத் தாள் வைத்தும், தொலைபேசியில் அழைத்துத் திருத்தச் சொல்லியும், பதிவேட்டில் விடுபட்ட எண்களைச் சேர்த்தும் பாடுபட்ட பிறகு நவம்பர் தேர்தலில் அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கம் இலவசமாக வந்ததல்ல. அந்தச் செலவுக்கான இடமும் எந்த நிதிக் குறிப்பிலும் இருப்பதில்லை.

இந்த வகை வேலையின் அளவை உணர ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் தபால் வாக்குகள் வரும் கவுன்டியில் ஒவ்வோர் உறைக்கும் கூடுதலாக 15 நொடிச் சரிபார்ப்பு சேர்ந்தால் மொத்தம் 15 லட்சம் நொடிகள், அதாவது ஏறத்தாழ 417 மணி நேரம். இருவர் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று விதி இருந்தால் 834 ஆள் மணி நேரம். அவற்றில் 2 சதவீதம் பொருந்தாமல் போனால் 2,000 பேருக்குக் கடிதம் அனுப்பி, அவர்கள் அழைக்கும்போது பதில் சொல்லி, திருத்தியதை மீண்டும் பதிய வேண்டும். என் பார்வையில் முன்னதைவிடப் பின்னதே பெரிய செலவு, ஏனென்றால் அதை இயந்திரத்திடம் கொடுக்க முடியாது.

வாக்காளர் பதிவு விஷயத்தில் நம்மிடம் தெளிவான சான்றுகள் சற்று அதிகம். அரிசோனாவின் மரிகோப்பா கவுன்டியில் காகிதப் படிவம் ஒன்றைக் கையாள 83 சென்ட் ஆனது, இணையவழிப் பதிவுக்குச் சராசரியாக 3 சென்ட்தான் ஆனது என்று வெளியான கணக்கு, நாடெங்கும் இணையவழிப் பதிவு பரவியதற்கு ஒரு பெரிய காரணம். ஓரிகன் 2008-இல் வாக்காளர் ஒருவருக்குப் பதிவுப் பணிக்காக 4.11 டாலர் செலவிட்டது என்றும், கனடா 35 சென்ட்டில் அதைச் செய்கிறது என்றும் பியூ 2012-இல் எழுதியது. கனடாவில் தேசியப் பட்டியல் அரசின் மற்றத் தரவுகளிலிருந்து தானாகப் புதுப்பிக்கப்படுவது இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பதிவு ஒழுங்காக இருந்தால் மிச்சமாவது பதிவுப் பிரிவின் செலவு மட்டுமல்ல. முகவரி மாறியதால் பட்டியலில் பெயர் கிடைக்காதவர் தற்காலிக வாக்குப் போடுகிறார். அந்த ஒவ்வொரு வாக்கையும் ஓர் ஊழியர் பிறகு தனியாக விசாரிக்க வேண்டும். தேர்தல் நாள் பதிவு வந்தபின் கொலராடோவில் தற்காலிக வாக்குகள் 2010-இல் 39,000-க்கு மேல் இருந்து 2014-இல் 1,000-க்கும் கீழே போயின. அன்றைய நாளில் சாவடியிலேயே பதிவு செய்வதற்குக் கணினியும் பாதுகாப்பான இணைப்பும் தேவை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பட்டியலைச் சுத்தம் செய்வதற்கும் விலை உண்டு. 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், இடம் மாறியவர் என்று சந்தேகிக்கப்படுபவருக்கு முன்கட்டணத்துடன் கூடிய பதில் அட்டை அனுப்பி, இரண்டு கூட்டாட்சிப் பொதுத் தேர்தல்கள் வரை காத்திருந்த பிறகே பெயரை நீக்கச் சொல்கிறது. யாருக்கு அட்டை அனுப்புவது என்பது துல்லியமாகத் தெரிந்தால் அஞ்சல் செலவு குறையும். அதற்காகவே ஏழு மாநிலங்கள் 2012-இல் மாநிலங்கள் தம் வாக்காளர் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எரிக் என்ற தரவுப் பரிமாற்ற மையத்தைத் தொடங்கின. சேர்வதற்கு ஒருமுறைக் கட்டணம் 25,000 டாலரும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. 2022 முதல் ஒன்பது மாநிலங்கள் அதிலிருந்து விலகின. விலகியதால் சந்தா மிச்சமானது உண்மை; ஒவ்வொரு மாநிலத்தோடும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டு, தரவு வடிவத்தை ஒத்திசைத்து, தவறான பொருத்தங்களை ஆள் வைத்துக் களையும் வேலை அதற்குப் பதிலாக வந்தது என்பதும் உண்மை.

குடியுரிமைச் சான்று கேட்கும் விதிகளில் செலவு எப்படி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது என்பதற்கு இரு மாநிலங்கள் போதும். அரிசோனாவின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் சான்று கேட்டது. கூட்டாட்சி அரசின் பதிவுப் படிவத்தில் பதிவு செய்பவரை அந்தச் சான்று கேட்காமலே ஏற்றே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. விளைவு, சான்று தராதவருக்குக் கூட்டாட்சிப் பதவிகள் மட்டும் அச்சிட்ட தனி வாக்குச்சீட்டு, அதற்கெனத் தனிப் பட்டியல். 2024-இல், 1996-க்கு முன் ஓட்டுநர் உரிமம் பெற்ற சுமார் 2.18 லட்சம் பேர் சான்று தந்தவர்களாகத் தரவு இணைப்புப் பிழையால் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளை ஆராயும் வேலை கவுன்டிகளின் கைக்கு வந்தது. கான்சஸில் அத்தகைய சட்டம் 31,000 பேரளவில் பதிவைத் தடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2018-இல் அதைச் செல்லாதென்றது, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. குடிமை உரிமை மீறல் வழக்குகளில் தோற்ற அரசு வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் தர வேண்டியிருப்பதால், கான்சஸ் தன் சொந்தச் செலவுக்கு மேல் பத்து லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்தது. வழக்குச் செலவை எந்த நிதிக் குறிப்பும் முன்கூட்டிச் சொல்லாது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே விதி ஜனவரியில் அமலுக்கு வந்தால் ஒரு விலை, ஜூலையில் வந்தால் வேறு விலை. வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் படைவீரர்களுக்கும் கூட்டாட்சித் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு அனுப்பியாக வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். நவம்பர் தேர்தலுக்கு அது செப்டம்பர் நடுப்பகுதி. அதற்கு முன் வாக்குச்சீட்டு இறுதியாக வேண்டும். உறைகளுக்கான ஆர்டரோ பல மாதங்களுக்கு முன்பே அச்சகத்துக்குப் போயிருக்கும். உறையில் ஒரு வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும், கிடங்கில் இருக்கும் பழைய இருப்பு குப்பைக்குப் போகும். உறையின் அகலம் மாறினால் மடித்து அடுக்கும் இயந்திரத்தையும் மாற்றியமைக்க வேண்டும். தேர்தல் நெருங்கியபின் விதியை மாற்றக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் பர்செல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி கூட்டாட்சி நீதிமன்றங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, சட்டமன்றங்களை அல்ல.

யார் கொடுப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 2018-இல் கிங் கவுன்டி திரும்பும் உறைக்கான அஞ்சல் கட்டணத்தைத் தானே ஏற்க முடிவு செய்தபோது, மற்றக் கவுன்டிகளின் வாக்காளர் மட்டும் அஞ்சல் தலை வாங்கி ஒட்டுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. மாநிலம் மற்றக் கவுன்டிகளின் செலவை ஏற்றது, அடுத்த ஆண்டு அதுவே சட்டமானது. கலிபோர்னியாவிலோ, மாநிலம் சுமத்தும் கடமைக்கு மாநிலமே பணம் தர வேண்டும் என்று அரசமைப்பு 1979 முதல் சொல்கிறது. ஆயினும் நிதி நெருக்கடிக் காலத்தில் தபால் வாக்குக் கடமைகளைப் பெயரளவில் நிறுத்தி வைப்பதன்மூலம் மாநிலம் பணம் தருவதைத் தவிர்த்தது. வாக்காளர் கேட்டபின் முடியாது என்று சொல்ல எந்தக் கவுன்டியால் முடியும்? அவை தம் பணத்தில் தொடர்ந்தன.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவே: இணையவழிப் பதிவு காகிதத்தைவிட மலிவு, இரட்டை முறை ஒற்றை முறையைவிட விலை கூடியது, மாற்றத்துக்குப் பின்வரும் முதல் தேர்தலே மிக அதிகச் செலவுடையது. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வாக்கின் விலையை ஒப்பிடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. ஒரு கவுன்டி அலுவலக வாடகையையும் ஊழியர் ஓய்வூதியத்தையும் தேர்தல் கணக்கில் சேர்க்கும், மற்றொன்று சேர்க்காது. ஒன்று இயந்திரத்தின் விலையை வாங்கிய ஆண்டிலேயே எழுதும், இன்னொன்று பத்தாண்டுக்குப் பிரித்து எழுதும். நாடு முழுவதற்கும் பொதுவான கணக்கு முறை இல்லாதவரை, ஒரே கவுன்டியின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதுதான் ஓரளவு பயன்தரும். சான்றிதழ் எடுக்க வாக்காளர் இழக்கும் அரை நாள் கூலியை ஆய்வாளர்கள் மதிப்பிட முயல்கிறார்கள். அரசின் எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை என்பதைத் தவிர அதில் ஒருமித்த கருத்து இல்லை.

உங்கள் மசோதாவைப் பொறுத்தவரை, நிதிக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ளூர் அமைப்புகள் பற்றிய பத்தியைப் படியுங்கள். பிறகு கவுன்டியிடம் கடந்த இரண்டு குடியரசுத் தலைவர் தேர்தல்களுக்கான தற்காலிக ஊழியர் கூலி, அச்சு, அஞ்சல் ஆகிய மூன்று வரிகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். அவை பொது ஆவணங்கள், கேட்டால் தர வேண்டும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டம் அமலுக்கு வரும் தேதி எந்த உட்பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அந்தத் தேதி அடுத்த கூட்டாட்சித் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்குள் இருந்தால், அதிகாரி சொன்ன தொகைக்கு நீங்கள் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கோரும் திருத்தத்தைக் குழு விசாரணையிலேயே முன்வைப்பது எளிது, அவையில் வாக்கெடுப்பு முடிந்தபின் கடினம்.